ரத்த தானமும் 35 நாள் டெபாசிட்டும்

நம்ம ஊரில் சேவை சங்கம் என்றதும் ஞாபகத்துக்கு வருவது ரோட்டரியும் லயன்ஸும்தான். கோட்டில் பின் குத்திக்கொண்டு, பொன்னாடை போர்த்திக்கொண்டு, மறுநாள் பேப்பரில் போட்டோ வந்திருக்கிறதா என்று பார்ப்பார்களே, அவர்கள். கொல்கத்தாவிலும் அவர்கள் உண்டு. இந்தியாவின் முதல் ரோட்டரி சங்கமே இந்த ஊரில்தான் ஆரம்பித்தது. ஆனால் இங்கே தெருவில் இறங்கி வேலை செய்வது 'பாரா கிளப்'.

பாரா என்றால் பேட்டை. ஒரே ஒரு அறை, ஒரு கேரம் போர்டு, சுவரில் நேதாஜி படம், வாசலில் அரட்டை அடிக்கும் நாலு 'தாதா'க்கள் (பெங்காலியில் அண்ணன் என்று அர்த்தம், பயப்படாதீர்கள் :-)). துர்கா பூஜைக்குப் பந்தல் போடுவது, குளிர்காலத்தில் கம்பளி கொடுப்பது, ஏழைப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் வாங்கித் தருவது எல்லாம் இவர்கள்தான். யாருக்காவது நடுராத்திரி நெஞ்சுவலி என்றால் முதலில் ஓடி வருவதும் இவர்கள்தான். மாற்றலாகி வந்த ஆறு வருடத்தில் இந்த கிளப்காரர்கள் மேல் எனக்கு மரியாதை கூடியிருக்கிறதே தவிர குறையவில்லை. அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

இவர்கள் செய்வதிலேயே பெரிய காரியம் 'ரொக்தொதான் ஷிபிர்', அதாவது ரத்த தான முகாம். ஜனவரி 23 நேதாஜி பிறந்த நாள், 26 குடியரசு தினம், ஆகஸ்ட் 15 சுதந்திர தினம். இந்த நாட்களில் தெருவுக்குத் தெரு ஷாமியானா, மைக் செட், பாட்டு. சாயங்காலம் '100 யூனிட் தாண்டிவிட்டோம்' என்று மைக்கில் அறிவிப்பு. பக்கத்துத் தெருக்காரன் 120 என்றால் அடுத்த வருடம் இவர்கள் 150.

நல்லதுதானே, இதில் என்ன குறை என்கிறீர்களா? நான் படித்தது பி.காம். பிழைப்பு வங்கியில். எதைப் பார்த்தாலும் எப்போது வரவு, எப்போது செலவு, எப்போது முதிர்வு என்றுதான் புத்தி போகும். அந்தக் கண்ணில் பார்த்தால் குறை பளிச்சென்று தெரிகிறது.

ரத்தம் கெட்டுப்போகிற சரக்கு. சாதாரணமாகச் சேமிக்கும் முழு ரத்தத்தின் ஆயுள் 35 நாள். சிவப்பணுக்களைத் தனியே பிரித்து, அதற்கென்று இருக்கும் கரைசல் சேர்த்து வைத்தால் 42 நாள். பிளேட்லெட் வெறும் 5 நாள். பிளாஸ்மாவை மட்டும்தான் உறைய வைத்து ஒரு வருடம் காப்பாற்றலாம். ஜனவரி 26 அன்று எடுத்த முழு ரத்தம் மார்ச் 2-ஆம் தேதியோடு சரி. சிவப்பணு என்றால் மார்ச் 9. பிளேட்லெட் அந்த ஜனவரியைக்கூடத் தாண்டாது. காலாவதி ஆகிவிட்டால் கொட்டி அழிக்க வேண்டியதுதான், வேறு வழியில்லை.

எல்லா டெபாசிட்டையும் ஒரே நாளில் வாங்கி, எல்லாம் ஒரே வாரத்தில் முதிர்வடைகிற மாதிரி வைத்துக்கொண்டு, வாடிக்கையாளரோ தினமும் வந்து பணம் கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த வங்கியாவது தாங்குமா? எந்த மேனேஜராவது இப்படிச் செய்தால் ரீஜனல் ஆபீஸிலிருந்து மெமோ வரும். ரத்த வங்கியில் மட்டும் இதற்குக் கைதட்டுகிறோம்.

ஏனென்றால் தேவை தினமும் இருக்கிறது. எங்கள் கிளைக் காவலாளியின் மகளுக்கு ஏழு வயது. தலசீமியா. மூன்று வாரத்துக்கு ஒரு முறை ரத்தம் ஏற்ற வேண்டும். வருடத்துக்குச் சுமார் 17 முறை. அவளுக்கு நேதாஜி பிறந்த நாளும் தெரியாது, சுதந்திர தினமும் தெரியாது. இருபது நாள் தாண்டினால் முகம் வெளுத்துச் சோர்ந்து விடுவாள், அவ்வளவுதான். அவர் ஒருநாள் சொன்னார்: "ஸார், பிப்ரவரியில் போனால் உடனே கொடுத்துவிடுகிறார்கள். மே மாதம் போனால், முதலில் ரத்தம் கொடுக்க ஆள் கூட்டிக்கொண்டு வா என்கிறார்கள்." அந்த மாதம் எங்கள் கிளையிலிருந்து இரண்டு பேர் போனோம். எல்லா அப்பாவுக்கும் இப்படிப் பக்கத்தில் ஒரு பேங்க் கிளை இருக்குமா?

ஏப்ரல், மே வெயிலில் முகாம் நடத்த யாரும் முன்வருவதில்லை. தேர்தல் வருடம் என்றால் கேட்கவே வேண்டாம். 2024 லோக்சபா தேர்தல் இந்த மாநிலத்தில் ஏப்ரல் 19 முதல் ஜூன் 1 வரை ஏழு கட்டமாக நடந்தது. முகாம் நடத்துகிற பையன்கள் எல்லாம் கொடி கட்டப் போய்விடுவார்கள். அதே மாதிரி மழை முடிகிற சமயம் டெங்கு வரும், பிளேட்லெட் தேவைப்படும். சரியாக அப்போதுதான் கிளப் முழுக்கப் பூஜைப் பந்தல் வேலையில் மூழ்கியிருக்கும்.

அடுத்தது பரிசு. ரத்தம் கொடுத்தவர்களுக்குக் குடை, பை, சுவர்க்கடிகாரம், சில இடங்களில் பிரஷர் குக்கர்கூட. "பரிசு இல்லாவிட்டால் கூட்டம் வராது தாதா" என்கிறார்கள். வராமல் போகலாம்தான். ஆனால் கொஞ்சம் யோசியுங்கள். நம் நாட்டில் பணத்துக்கு ரத்தம் விற்பதை உச்ச நீதிமன்றம் 1996-ல் தந்த தீர்ப்பின் பேரில் 1998 ஜனவரி 1 முதல் நிறுத்தினார்கள். காரணம், காசுக்காக வருகிறவர் தன் நோயை மறைப்பார். எச்.ஐ.வி., இரண்டு வகை ஹெபடைடிஸ், சிஃபிலிஸ், மலேரியா என்று ஐந்து சோதனைகள் கட்டாயம் உண்டு. ஆனாலும் தொற்று வந்த புதிதில் சோதனையில் சிக்காத ஒரு இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியில் நம்மைக் காப்பது, படிவத்தை நிரப்பும்போது அந்த ஆள் சொல்கிற உண்மை மட்டும்தான். குக்கருக்காக வரிசையில் நிற்பவர் போன மாதம் காய்ச்சலில் கிடந்ததைச் சொல்வாரா? அந்தப் பை போய்ச் சேருவது காவலாளியின் மகள் மாதிரி ஒரு குழந்தைக்குத்தான்.

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் ஆடிட்டர் ஆகிவிடுவேன். எனக்குத் தோன்றும் வழிகள் இவை.

ஒன்று, ஒரே நாளில் 100 யூனிட் எடுப்பதற்குப் பதில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை 25. ஆண்கள் 90 நாளுக்கு ஒரு முறை, பெண்கள் 120 நாளுக்கு ஒரு முறை கொடுக்கலாம். அதே ஆட்களில் கொஞ்சம் பேர் மாற்றி மாற்றி வந்தால் போதும். இது நாமெல்லாம் அறிந்த ரெக்கரிங் டெபாசிட்தான்.

இரண்டு, தேதியைக் கிளப் முடிவு செய்யக் கூடாது, ரத்த வங்கி சொல்லட்டும். எங்கே எந்த வகை ரத்தம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க 2016-லிருந்து மத்திய அரசின் 'இ-ரக்த்கோஷ்' தளம் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு ஷாமியானாவுக்கு அட்வான்ஸ் கொடுக்கலாமே.

மூன்று, பரிசுப் பணம். ஆளுக்கு 300 ரூபாய் என்று வைத்தாலே 100 பேருக்கு 30,000 ரூபாய். அந்தப் பணத்தையும் அந்த மைக் செட்டையும் வைத்துப் பேட்டையின் இளைஞர்களை தலசீமியா பரிசோதனைக்கு அழைத்துப் போகலாம். கணவன், மனைவி இருவருமே இந்தக் குறையைச் சுமப்பவர்களாக இருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு நாலில் ஒன்று. சுமப்பவருக்கு வெளியே ஒன்றும் தெரியாது. கல்யாணத்துக்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். ஜாதகம் பார்ப்பதற்கு முன்னால் இதைப் பார்க்கச் சொல்ல, பேட்டையில் மதிப்புள்ள ஒரு தாதாவால் முடியும். டாக்டர் சொல்வதைவிட அவர் சொன்னால் எடுபடும்.

இதெல்லாம் செய்தால் ஒரு நஷ்டம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். 25 யூனிட் முகாமுக்கு எம்.எல்.ஏ. வரமாட்டார். பேனர் சின்னதாகிவிடும். பக்கத்துத் தெருக்காரன் சிரிப்பான். அதைத் தாங்கிக்கொள்கிற கிளப்தான் உண்மையில் சேவை செய்கிற கிளப் என்பது என் கட்சி.

கொல்கத்தாவை வைத்து எழுதினேனே தவிர, நம் ஊரும் ரொம்ப மாறுபட்டதில்லை. தலைவர் பிறந்த நாள், நடிகர் பிறந்த நாள் என்று நாமும் ஒரே நாளில்தான் கொட்டுகிறோம். உங்களில் யாராவது ரோட்டரியிலோ, லயன்ஸிலோ, ரசிகர் மன்றத்திலோ பொறுப்பில் இருந்தால், அடுத்த முகாமுக்குத் தேதி குறிக்கும் முன் உங்கள் ஊர் அரசு மருத்துவமனை ரத்த வங்கிக்கு ஒரு போன் போட்டு, எந்த மாதம் கஷ்டம் என்று கேளுங்கள். என்ன பதில் வந்தது என்று இங்கே வந்து பின்னூட்டமும் போட்டுவிட்டுப் போங்கள்.