குழாய்தானே என்று சொன்னால் கோபம் வருகிறது

நான் படிப்பது பி.காம். எனக்கும் டர்போசார்ஜருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு: எங்கள் ஊர் நாமக்கல் பக்கம். இங்கே வீட்டுக்கு ஒருவராவது லாரியில் இருப்பார். எங்கள் வீட்டில் மாமா. குவாரியிலிருந்து கிரஷருக்குக் கல் அடிக்கும் பழைய டிப்பர் ஒன்று வைத்திருக்கிறார், மாதத் தவணையோடு. அதன் வரவு செலவு நோட்டு எழுதுவது நான். படிக்கிற பையன் என்றால் சம்பளம் தர வேண்டியதில்லையாம் :-)

அந்த நோட்டில் போன வருடம் எழுதிய ஒரு வரியைப் பற்றித்தான் இந்தப் பதிவு. வண்டி லோடோடு மேடு ஏறத் திணறுகிறது என்று பெரிய டர்போ, கூடவே இன்டர்கூலர் போட்டார் மாமா. (மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு எல்லாம் இருப்பதால் முறையாக எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கியே செய்தார். அந்த அலைச்சல் தனிப் பதிவுக்கு ஆகும்.) டர்போவுக்குப் பேரம் பேசவில்லை. இன்டர்கூலருக்கும் பேசவில்லை. ஏர் பில்டரிலிருந்து டர்போவுக்கும், டர்போவிலிருந்து இன்டர்கூலர் வழியாக இன்ஜினுக்கும் போகிற குழாய் இருக்கிறதே, அதற்குத்தான் அரை மணி நேரம் பேசினார். "குழாய்தானே மாப்ள, அதுக்குப் போயி இவ்வளவா?" நானும் அதைச் 'சில்லறைச் செலவு' தலைப்பில் எழுதி வைத்தேன்.

நாலே மாதம். டர்போ ஊளையிட ஆரம்பித்தது, அப்புறம் நீலப் புகை, ஆயில் குறைந்தது. கழற்றிப் பார்த்தால் காற்றை இழுக்கும் சக்கரத்தின் இறக்கை ஓரமெல்லாம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி இருந்தது. பில்டரோ புத்தம் புதுசு. பிறகு எங்கிருந்து வந்தது தூசி?

இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். ஆறு லிட்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 2400 சுற்று ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டர்போ இல்லாவிட்டால் அது இழுக்கும் காற்று நிமிடத்துக்கு 7200 லிட்டருக்குள் இருக்கும். ஒரு பார் அழுத்தம் கூட்டும் டர்போவும் இன்டர்கூலரும் சேர்ந்தால் ஏறக்குறைய 12000 லிட்டர். அதாவது நிமிடத்துக்கு ஒரு தண்ணி லாரி கொள்ளளவு! இவ்வளவும் அந்தக் 'குழாய்தானே' வழியாகத்தான் போக வேண்டும். மூன்று அங்குலக் குழாய் என்றால் உள்ளே காற்றின் வேகம் மணிக்கு 160 கிலோமீட்டர் வாக்கில் வரும். நான்கு அங்குலம் என்றால் 90. ஒரே அங்குல வித்தியாசம்தான். ஆனால் வளைவுகளில் ஏற்படும் இழப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறும் என்பதால் மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசம் வருகிறது. பத்தாம் வகுப்புக் கணக்குதான் இது, காமர்ஸ்காரனுக்கே வருகிறது.

முதலில் செய்து கொடுத்த பட்டறைக்காரர் (பெயர் வேண்டாம், கேட்ட காசுக்குச் செய்தார்) போட்டது மூன்று அங்குல இரும்புக் குழாய். வளைவுக்குப் பதில் துண்டு துண்டாகச் சாய்த்து அறுத்து வெல்டிங். உள்பக்கம் வெல்டிங் பொறி அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது, துருவும் கூட. இணைப்புக்கு டிராக்டர் ரேடியேட்டர் ஹோஸ். குழாய் முனையில் ஹோஸ் வழுக்காமல் இருக்க ஒரு விளிம்பு எடுப்பார்களே, அது இல்லை. லாரி இன்ஜின் அதன் மவுண்டிங்கில் ஆடிக்கொண்டே இருக்கும். பில்டரோ சேஸில் அசையாமல் நிற்கும். நடுவில் இருக்கும் ஹோஸ்தான் இரண்டையும் சமாளிக்கிறது. அது ஒரு பக்கம் மெல்ல நழுவி, நகக்கண் அளவுக்கு ஒரு சந்து விட்டது. டர்போவுக்கு முன்னால் இருக்கும் பக்கம் முழுக்க உறிஞ்சும் பக்கம். ஓட்டை இருந்தால் வெளியே சத்தம் வராது, புகை வராது, கிரஷர் தூசியை அமைதியாகக் குடித்துக்கொண்டிருக்கும். டர்போவுக்குப் பின்னால் ஓட்டை என்றால் 'உஸ்' என்று காட்டிக் கொடுத்துவிடும், கறும்புகையும் வரும். ஆகவே கள்ளன் முன்பக்கத்தில்தான் இருக்கிறான்.

இரண்டாவது முறை ஆர்கான் வெல்டிங் செய்யும் அண்ணன் ஒருவரிடம் போனோம். அதிகம் பேசமாட்டார். டர்போவை மாற்றிய பிறகு பழைய குழாயையே ஓட்டை அடைத்து மாட்டச் சொன்னார். டர்போவுக்குச் சற்று முன்னால் சிறு துளை போட்டு, கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் லெவல் ட்யூப் இருக்கிறதல்லவா, அதை U மாதிரி வளைத்து, தண்ணீர் ஊற்றி, கேபினுக்குள் கட்டிவிட்டார். லோடோடு மேடு ஏறும்போது இரண்டு பக்கத் தண்ணீருக்கும் 22 அங்குல வித்தியாசம். வழக்கமாக 25 அங்குலம் போனால் பில்டரை மாற்று என்பார்கள். இங்கே புது பில்டரிலேயே 22! அப்புறம் நான்கு அங்குல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய், இழுத்து வளைத்த பெண்டு, முனையில் விளிம்பு, டி-போல்ட் கிளாம்ப், டர்போ பக்கம் சிலிகான் ஹோஸ், குழாயைத் தாங்க இன்ஜினிலேயே ஒரு பிராக்கெட். மறுபடி அதே மேடு. 12 அங்குலம்.

அழுத்தப் பக்கத்தில் அவர் அப்படிப் பெரிய குழாய் போடவில்லை. அங்கே காற்று ஏற்கெனவே நெருங்கி இருப்பதால் மூன்று அங்குலமே போதும் என்றார். ஆனால் டர்போவை விட்டு வரும் காற்று 120 டிகிரிக்கு மேல் சுடும், அதில் ஆயில் ஆவியும் கலந்திருக்கும், ரேடியேட்டர் ஹோஸ் அதில் ஊறி உப்பிவிடும் என்பதால் அங்கும் சிலிகான்தான். ஒரு முனையை மூடி, இன்னொரு முனையில் டயர் வால்வு வைத்த மூடி போட்டு, பஞ்சர் கடை மாதிரி காற்றடித்துச் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தார். ஒரு இடத்தில் நுரை வந்தது. முகத்தைச் சுளித்துவிட்டு வெல்டிங்கை அறுத்து மறுபடி செய்தார், எங்களிடம் ஒரு ரூபாய் கூடுதலாகக் கேட்கவில்லை.

இப்போது என் கட்சி. எங்கள் பாடத்தில் கணக்கியல் தரநிலை 10 என்று ஒன்று உண்டு. ஒரு சொத்தை ஓடுகிற நிலைக்குக் கொண்டுவர நேரடியாக ஆகும் செலவு அந்தச் சொத்தின் விலையிலேயே சேரும் என்கிறது. குழாய் இல்லாமல் டர்போ ஓடுமா? ஓடாது. அப்படியானால் அது டர்போவின் விலைதான், சில்லறைச் செலவு இல்லை. இதைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன் வீட்டு நோட்டில் தப்பாக எழுதினேன். தலைப்பு மாறியதால் பேரமும் அங்கேயே போனது. வெல்டரிடம் நாம் பேரம் பேசிக் குறைப்பது அவர் லாபத்தை என்று நினைக்கிறோம். அவர் குறைப்பது குழாயின் விட்டத்தை, விளிம்பை, சோப்புத் தண்ணீர்ச் சோதனையை. கடையில் டப்பாவில் வருகிற பொருளுக்கு வாய் திறக்காமல் கொடுத்துவிட்டு, நம் கண்முன் கையால் செய்கிறவரிடம் மட்டும் "பார்த்துப் போட்டுக் கொடுங்க" என்பது என்ன நியாயம்?

அதற்காகக் கலர் கலராக வரும் ஹோஸ் செட் எல்லாம் வாங்கச் சொல்லவில்லை. பில்டர் டப்பாவைக் கழற்றி எறிந்துவிட்டு இன்ஜின் சூட்டுக்குள்ளேயே திறந்த கூம்பு பில்டர் மாட்டுகிறவர்களைப் பார்த்தால் கும்பிடு போட்டு நகர்ந்துவிடுவேன். குவாரி வண்டிக்கு அது தற்கொலை.

வண்டி ஆறு நாள் நின்றது. தவணை நிற்கவில்லை. அத்தையின் சங்கிலி அடகுக் கடையிலிருந்து போன மாதம்தான் திரும்பியது. அடுத்த தடவை பேரம் பேசுவீர்களா என்று மாமாவிடம் கேட்டேன். "டர்போவுக்குப் பேசறேன் மாப்ள" என்றார்.

டிஸ்கி: நோட்டில் அந்த வரியை அடித்துவிட்டு 'வண்டி' தலைப்பில் சேர்த்துவிட்டேன். பழைய டர்போவை எந்தத் தலைப்பில் தள்ளுவது என்று சி.ஏ. படிக்கும் அண்ணன்கள் யாராவது சொன்னால் புண்ணியமாகப் போகும்.