மேர்ஜ் கொன்ஃப்ளிக்ட் வந்த பிறகு படிப்பிப்பதில் பயனில்லை

ஐ.சி.ரி. படிப்பிக்கும் சேர்மார், டீச்சர்மாருக்காக எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கட ஏ.எல். பிள்ளைகள் நாலு பேர் பாடசாலை நூலகத்துக்கு ஒரு மென்பொருள் செய்கிறார்கள். விஷுவல் ஸ்டூடியோ, சீ ஷார்ப். ஆளுக்கொரு போர்ம். கிட் பாவிக்கவும் காட்டிக்கொடுத்தேன். போன மாதம் ஒரு நாள் பின்னேரம் லேபுக்குள் போனால் ஒரு பிள்ளை அழுதுகொண்டிருக்கிறா. இரண்டு கிழமையாகச் செய்த போர்ம் காணவில்லை. "அவன்தான் அழிச்சிட்டான் சேர்." அவன் சத்தியம் பண்ணுகிறான், அந்தப் போர்மைத் தொடவேயில்லை என்று.

அவன் பொய் சொல்லவில்லை. போர்ம் கோப்பு போல்டருக்குள் அப்படியே கிடந்தது. போனது புரொஜெக்ட் கோப்பில் இருந்த சில வரிகள். பழைய டொட்நெட் ஃபிரேம்வேர்க் வகையில், எந்தெந்தக் கோப்புகள் சேர்த்தி என்று ஒவ்வொன்றாகப் பெயர் எழுதிய பட்டியல் அதற்குள் இருக்கும். நம்மட வரவு இடாப்பு மாதிரி. பெயர் இல்லையென்றால் பிள்ளை வகுப்பில் இருந்தாலும் கணக்கில் இல்லை.

இருவரும் தங்கள் கணனிகளில் புதுப் போர்ம் சேர்த்திருக்கிறார்கள். இருவருடைய வரிகளும் பட்டியலில் ஒரே இடத்தில் விழுந்தன. எதை வைப்பதென்று கிட்டுக்குத் தெரியாது. இரண்டையும் குறி போட்டு வைத்துவிட்டது. அந்தக் குறிகள் இருக்கும்வரை புரொஜெக்ட் திறபடாது. பையன் பயந்துபோய்த் தன் பாதியை வைத்து மற்றதை அழித்தான். திறந்தது, ஓடியது, புஷ் பண்ணிவிட்டான். அவவின் போர்மை இன்னும் மெனுவில் இணைக்காததால் ஒரு பிழைச் செய்தியும் வரவில்லை. இரண்டு பாதியையும் வைத்துக் குறிகளை மட்டும் அழித்திருந்தால் முடிந்திருக்கும்.

வரிகளைத் திரும்பச் சேர்க்க எனக்கு ஐந்து நிமிடம்தான் எடுத்தது. இருவரையும் பேசவைக்க ஒரு கிழமை போனது.

கொன்ஃப்ளிக்டைத் தீர்ப்பது எப்படி என்றுதான் நாம் காட்டுகிறோம். அதுவும் தேவைதான். ஆனால் பயந்துபோன பிள்ளை அந்த நேரத்தில் எதையும் வாசிக்காது, எது திறக்குமோ அதை அமத்தும். அது வராதபடி வேலையைப் பிரிப்பதுதான் முதல் பாடமாக இருக்க வேண்டும்.

பிழை என்னிலும் உண்டு. "முடிச்ச பிறகு கொமிட் பண்ணுங்க" என்று சொன்னது நான்தான். அரைகுறை வேலையை யாருக்கும் காட்டக்கூடாது என்பது கலாசாலையில் ஒப்படை கட்டிய காலத்துப் பழக்கம். இரண்டு கிழமை பிரிந்து கிடந்த வேலைகள் ஒரே நாளில் சந்தித்தால் மோதாமல் என்ன செய்யும்?

இப்போது முதல் நாளே ஒருவர் எல்லாப் போர்ம்களையும் வெறுமையாக உருவாக்கிப் புஷ் பண்ணுகிறார். மற்றவர்கள் அதன் பிறகுதான் குளோன் எடுக்கிறார்கள். பட்டியலைத் திரும்பத் தொடும் தேவை மிகக் குறைவு. தேவைப்பட்டால் குரூப்பில் சொல்லிவிட்டு, புல் எடுத்து, சேர்த்து, உடனே புஷ். ஒரே போர்மில் இருவர் வேலை செய்வதில்லை, டிசைனர் எழுதும் கோடைக் கையால் ஒட்டுவது பெரிய கரைச்சல். பின், ஒப்ஜ் போல்டர்கள் கிட்டுக்குள் போவதில்லை. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இன்னும் இலகு: 2019 இல் வந்த டொட்நெட் கோர் 3.0 முதல் விண்டோஸ் போர்ம் வேலைக்கும் புதிய வகைப் புரொஜெக்ட் கோப்பு உண்டு. போல்டரில் இருக்கும் சீ ஷார்ப் கோப்புகளை அதுவே எடுத்துக்கொள்ளும்.

ஒரு சேர் சொன்னார், "இந்தக் கிட் எல்லாம் எதுக்கு? ஆளுக்கொரு பென்டிரைவ் குடுங்க, கடைசியில நானே ஒட்டிவிடுவன்." அவர் ஒட்டுவார், எனக்குத் தெரியும். ஆனால் மோதல் எல்லாம் கடைசி இரவில் அவர் மேசைக்கு வரும். எந்தப் பாதியை அழித்தார் என்று பார்க்க வரலாறும் இருக்காது. எங்கட பிள்ளையின் வரிகள் எந்தக் கொமிட்டில் போயின என்று காட்டித்தந்ததே அந்த வரலாறுதான்.

நேற்று இரவு குரூப்பில் அந்தப் பிள்ளையின் மெசேஜ்: "புதுப் போர்ம் ஒண்டு சேர்க்கப் போறன், பத்து நிமிசத்துக்கு ஒருத்தரும் புஷ் பண்ணாதீங்க." முதல் தம்ஸ்அப் போட்டது அவன்தான்.