இரண்டு மலை, ஒரு சூரியன்

மாசியில் மயானக் கொள்ளைத் திருவிழா வந்தால், பச்சையும் மஞ்சளும் சிவப்புமாக முகத்தில் வண்ணம் பூசி அங்காளம்மன் வேடம் கட்டியவர்களை மேல்மலையனூர்ப் பிள்ளைகள் கண்கொட்டாமல் பார்க்கிறார்கள். ஓவிய வகுப்பில் அவர்கள் வரைவதோ இரண்டு மலை, நடுவில் சூரியன், ஓரத்தில் ஒரு தென்னை. இந்தச் சூரியன் இன்னும் எத்தனை தலைமுறைக்கு உதிக்குமோ!

கரும்பலகையைப் பார்த்து அப்படியே போடுவது கைப்பயிற்சி. பார்க்கப் பழக்குவதுதான் ஓவிய ஆசிரியரின் முதல் வேலை. மேல்மலையனூர் இருக்கும் விழுப்புரம் மாவட்டத்தில் பார்ப்பதற்குப் பஞ்சமே இல்லை. கீழ்வாலையில் பாறைமேல் செங்காவி ஓவியங்கள் இருக்கின்றன. பனமலைக் கோயிலின் பல்லவர் காலச் சுவரோவியத்தில் பார்வதி ஒரு காலை மடித்து, தலைக்கு மேல் குடையுடன் நிற்கிறாள். ஓவியம் ஆங்காங்கே உதிர்ந்துவிட்டது. உதிர்ந்த இடத்தை நீ வரைந்து பார் என்று எட்டாம் வகுப்பு மாணவியிடம் சொன்னால் போதும், கோட்டின் வளைவை அவளே பிடித்துக்கொள்வாள்.

சொல்ல ஆள் வேண்டுமே! 2012இல் ஓவியம், உடற்கல்வி உள்ளிட்ட பாடங்களுக்கு 16 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களை அரசு நியமித்தது. அன்றைய சம்பளம் மாதம் 5,000 ரூபாய். வேலை வாரத்துக்கு மூன்று அரை நாள். பிறகு சம்பளம் கொஞ்சம் கூடியது. 2022 முதல் பள்ளிகளில் கலைத் திருவிழா நடத்துவது நல்ல காரியம்தான். ஆனால் மேடைக்குப் பரிசும் வகுப்புக்கு அரைநாள் ஆசிரியரும் என்பது என்ன கணக்கு?

ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளிக்கும் முழுநேர ஓவிய ஆசிரியர் ஒருவர், ஆண்டுக்கு ஒருமுறை பனமலைக்குப் போய்வரப் பேருந்துச் செலவு: இவ்விரண்டையும் பள்ளிக் கல்வித் துறை உறுதிசெய்ய வேண்டும்.