டிராக்டர் ஏசிக்கு ‘கேஸ்’ பசி கிடையாது

டிராக்டர் கேபினில் ஏசி குளிரவில்லை என்றால் என்ன செய்வது என்று செம்பனைத் தோட்டத்திலோ நெல் வயலிலோ கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். “கேஸ் முடிஞ்சிருக்கும், பட்டறைக்குக் கொண்டுபோய் ஊத்தணும்.” பட்டறையிலும் அதையேதான் சொல்வார்கள். ஊற்றியதும் இரண்டு மாதம் நன்றாகக் குளிரும். மூன்றாவது மாதம் வண்டி மறுபடியும் பட்டறை வாசலில் நிற்கும்.

கேஸ் ஊற்றுவது பழுதுபார்ப்பு ஆகாது. கசிவைத் தேடாமல் கேஸ் ஊற்றுவதற்குக் காசு கொடுப்பதை நாம் நிறுத்த வேண்டும் என்பது என் கருத்து.

டீசல் எரிந்து தீரும். ஏசிக்குள் இருக்கும் குளிர்பதன வாயு எதிலும் எரிவதில்லை. இன்று ஓடும் டிராக்டர்களில் பெரும்பாலும் இருப்பது ஆர்-134ஏ. சாதாரணக் காற்றழுத்தத்தில் அது மைனஸ் 26 பாகையிலேயே கொதித்துவிடும். கேபினுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் அது கொதிக்கும்போது உள்காற்றின் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. பிறகு கம்ப்ரசர் அதை அழுத்திக் கண்டென்சருக்குத் தள்ளுகிறது. அங்கே வெப்பத்தை வெளியே விட்டுவிட்டு மறுபடியும் திரவமாகிறது. எத்தனை ஆயிரம் முறை சுற்றினாலும் போட்ட எடை அப்படியே இருக்கவேண்டும். டிராக்டர் கம்ப்ரசரை பெல்ட் சுழற்றுகிறது, குழாய்கள் ரப்பர், வண்டியோ நாள் முழுக்க அதிர்கிறது. அதனால் சில ஆண்டுகளில் கொஞ்சம் குறைவது இயல்பே. சில மாதங்களில் காலியானால் அது ஓட்டைதான்.

“மீட்டர் வைத்துப் பார்த்தோம், கேஸ் குறைவு” என்பார்கள். இங்கே ஓர் எளிய இயற்பியல் இருக்கிறது. எஞ்சின் நிற்கும்போது, 30 பாகை வெப்பத்தில், ஆர்-134ஏ உள்ள அமைப்பின் அழுத்தம் ஏறக்குறைய 97 பிஎஸ்ஐ காட்டும். வாயு நிறைவாக இருந்தாலும் பாதியாக இருந்தாலும், உள்ளே ஒரு சொட்டுத் திரவம் மிச்சம் இருக்கும்வரை அந்த எண் மாறாது. வீட்டுச் சமையல் எரிவாயுக் கலனும் இப்படித்தான். கடைசி நாள் வரை அடுப்பு ஒரே மாதிரி எரியும், எவ்வளவு மிச்சம் என்பதைத் தூக்கிப் பார்த்துத்தான் சொல்ல முடியும். எஞ்சினை ஓடவிட்டு இரண்டு பக்க அழுத்தத்தையும் பார்ப்பது பயனுள்ள சோதனைதான். ஆனால் கண்டென்சர் அடைப்பு, மின்விசிறிக் கோளாறு, ஈரப்பதம் எல்லாமே அந்த முள்ளை நகர்த்தும். அளவை உறுதியாக அறிய ஒரே வழி, உள்ளதை வெளியே எடுத்து எடைபோடுவது.

அப்படியானால் முதலில் எதைப் பார்ப்பது? குப்பையை. கெடாவிலும் செகிஞ்சானிலும் அறுவடைக் காலத்தில் உமியும் வைக்கோல் தூளும் பறக்கும். செம்பனைத் தோட்டத்தில் செம்மண் புழுதி. பல டிராக்டர்களில் கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும். முன்பக்கம் பளிச்சென்று தெரியும், அதற்கும் ரேடியேட்டருக்கும் நடுவே உள்ள இடைவெளியிலோ ஒரு மெத்தை அளவுக்குக் குப்பை சேர்ந்திருக்கும். காலையில் குளிர்ந்து நண்பகலில் கைவிட்டால், சந்தேகத்தை முதலில் இங்கே வையுங்கள். வெப்பம் வெளியேற வழியில்லாமல் அழுத்தம் ஏறும், ஒரு கட்டத்தில் பாதுகாப்பு சுவிட்ச் கம்ப்ரசரை நிறுத்திவிடும். இந்த நிலையில் மேலும் கேஸ் ஊற்றினால் அழுத்தம் இன்னும் ஏறும். மூச்சு முட்டுகிறவருக்கு இன்னொரு தட்டுச் சோறு வைத்த கதைதான். எஞ்சினை நிறுத்தி, காற்று வழக்கமாக வரும் திசைக்கு எதிர்த் திசையிலிருந்து மிதமான காற்றால் ஊதுங்கள். வண்டி கழுவும் அழுத்த நீரைக் கிட்டத்தில் பிடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கிப்போகும். பிறகு அந்தக் கண்டென்சரை மாற்ற வேண்டியதுதான்.

அடுத்தது கேபின் ஃபில்டர். தொடக்கத்தில் நன்றாகக் குளிர்ந்து, அரை மணி நேரத்தில் காற்றே வராமல் போகிறதா? ஏசியை நிறுத்திப் பத்து நிமிடம் கழித்துப் போட்டால் மறுபடியும் வருகிறதா? கூலிங் காயிலில் பனி கட்டுகிறது. ஃபில்டர் அடைத்திருக்கும், இல்லையென்றால் தெர்மோஸ்டாட் வேலை செய்யவில்லை.

பலர் தொட்டுக்கூடப் பார்க்காத ஒன்று ஹீட்டர். குளிர் நாடுகளுக்காக வடிவமைத்த டிராக்டர்களில், எஞ்சினின் கொதிநீர் ஓடும் ஹீட்டர் காயில், கூலிங் காயில் இருக்கும் அதே பெட்டிக்குள் இருக்கும். நமக்கு அது ஒருநாளும் தேவைப்படாது. ஆனால் அதன் வால்வு சரியாக மூடாவிட்டால் 80, 90 பாகை நீர் உள்ளே சுற்றிக்கொண்டே இருக்கும். ஏசி குளிர்விக்கும், ஹீட்டர் பக்கத்திலேயே சூடாக்கும். குமிழை முழுக் குளிருக்குத் திருப்பி, எஞ்சின் சூடான பிறகு நிறுத்திவிட்டு, வால்வுக்கு அப்பால் உள்ள குழாயைப் புறங்கையால் கவனமாகத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் வால்வுதான் குற்றவாளி. அந்தக் குழாயில் ஒரு மூடுகுழாய் பொருத்தினால் போதும். இதற்குப்போய் மூன்று முறை கேஸ் ஊற்றுவது எத்தனை வீண் செலவு!

காசில்லாத மீட்டர் ஒன்றும் உங்களிடம் இருக்கிறது. வண்டிக்குக் கீழே சொட்டும் தண்ணீர். நம் நாட்டுக் காற்றில் ஈரம் அதிகம். ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் நீரைக் காற்றிலிருந்து பிரிக்கவே சுமார் 680 வாட் குளிர்ச்சி செலவாகும். கேபினை மூடி ஓட்டும்போது நீர் நன்றாகச் சொட்டினால் கூலிங் காயில் குளிர்கிறது என்று பொருள். அப்போது கோளாறு காற்றோட்டத்திலோ ஹீட்டரிலோ கதவு ரப்பரிலோ இருக்கும். (கூரையில் ஏசி உள்ள வண்டியில் நீர் உங்கள் தலையில் சொட்டினால், வடிகுழாய் அடைத்திருக்கிறது. அவ்வளவுதான்.)

இவை எல்லாம் சரியாக இருந்தும் குளிரவில்லை என்றால், கேஸ் குறைந்திருக்கலாம். அப்போதும் முதலில் ஓட்டையைத் தேடுங்கள். வாயு கசியும் இடத்தில் எண்ணெயும் சேர்ந்து வரும், அதில் புழுதி ஒட்டிக் கறுப்பாகத் தெரியும். குழாய் இணைப்பு, கம்ப்ரசரின் முன்பக்கம், கேஸ் ஊற்றும் வால்வின் மூடி ஆகிய இடங்களைப் பாருங்கள். அமைப்பைத் திறந்து வேலை செய்தால் வெற்றிட பம்ப் வைத்து உள்ளே உள்ள காற்றையும் ஈரத்தையும் இழுத்த பிறகே நிரப்பவேண்டும். கசிந்த வாயு எங்கும் மறைந்துபோவதில்லை. ஒரு கிலோ ஆர்-134ஏ, நூறாண்டுக் கணக்கில், ஆயிரம் கிலோவுக்கும் மேற்பட்ட கரியமில வாயு செய்யும் வெப்பமூட்டலைச் செய்கிறது.

“திறந்த டிராக்டரில் ஓட்டிய காலம் இல்லையா, ஏசி என்ன சொகுசு?” என்று கேட்கும் நிர்வாகிகளும் குத்தகையாளர்களும் இருக்கிறார்கள். அவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். திறந்த டிராக்டரில் காற்று வீசும். நான்கு பக்கமும் கண்ணாடி அடைத்த கேபின் ஏசி இல்லாவிட்டால் வெயிலில் நிறுத்திய கார் மாதிரி ஆகிவிடும். எனவே ஓட்டுநர் கதவைத் திறந்து கட்டிவிட்டு ஓட்டுகிறார். புழுதியும் இரைச்சலும் உள்ளே வருகின்றன. மருந்தடிக்கும் நாளில் மருந்துத் துளிகளும் வருகின்றன. கேபினுக்குள் வடிகட்டிய காற்றைச் சற்றே அழுத்தத்துடன் வைத்திருப்பதுதான் இவற்றைத் தடுக்கும் ஏற்பாடு. ஐரோப்பியத் தரநிலை இஎன் 15695 டிராக்டர் கேபின்களை 4 வகையாகப் பிரிக்கிறது. மருந்தின் ஆவியிலிருந்தும் காப்பது நான்காம் வகை மட்டுமே. ஆனால் நான்காம் வகைக் கேபினும் கதவைத் திறந்த நொடியில் வெறும் கூரைதான். ஓட்டுநர் கதவைத் திறந்துவைப்பதை ஒழுக்கக் குறைவாகப் பார்த்து எச்சரிக்கைக் கடிதம் கொடுப்பதற்கு முன், உள்ளே எத்தனை பாகை என்று நிர்வாகி ஒருமுறை உட்கார்ந்து பார்க்கட்டும்.

பராமரிப்பு அட்டவணையில் எஞ்சின் எண்ணெய்க்கு ஒரு வரி இருக்கிறது. கண்டென்சருக்கும் கேபின் ஃபில்டருக்கும் அதே தாளில் ஒரு வரி வேண்டும். மழைக்காலத்தில் வண்டி நின்றாலும் வாரம் ஒருமுறை எஞ்சினைப் போட்டு ஏசியைப் பத்து நிமிடம் ஓடவிடுங்கள், கம்ப்ரசர் சீல் காயாமல் இருக்கும். பட்டறைக்குப் போகும்போது வண்டியில் ஒட்டியுள்ள ஏசி ஸ்டிக்கரைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை கிராம் என்று அதில் இருக்கும். எத்தனை கிராம் வெளியே வந்தது, எத்தனை உள்ளே போனது, ஓட்டை எங்கே இருந்தது என்று மூன்றையும் ரசீதில் எழுதித்தரச் சொல்லுங்கள். தராசே இல்லாத பட்டறை என்றால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடலாம்.