இளமை கேட்ட அன்னையின் ஊரில்

விருத்தாசலம் கோயிலில் அம்மனுக்கு இரண்டு சந்நிதிகள். பசியோடு வந்த துறவி குரு நமசிவாயர் பெரியநாயகியைக் கிழத்தி என்று பாட, கிழவியால் எப்படி அன்னம் சுமந்து வர முடியும் என்று அவள் கேட்டாளாம். இளையவளாக மாற்றிப் பாடிய பிறகே பாலாம்பிகையாய் வந்து பசி தீர்த்தாள் என்கிறது ஊர்க்கதை. முதுகுன்றம் என்று பெயர் கொண்ட தலத்திலேயே, இளமை மீதான ஏக்கத்தைத் தெய்வத்துக்கும் உரியதாகக் கண்டார்கள் நம் முன்னோர். இன்று இதே ஊரின் மருந்துக்கடையில் முடி உதிர்வுக்குத் திரவம் கேட்டு நிற்கும் பெண்ணின் ஆசையை அற்பம் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

கூந்தலை ஐவகையாய் முடிந்து அழகு பார்த்த சங்ககாலமே, கணவனை இழந்தவளின் கூந்தலைக் களையவும் செய்தது. அந்தக் கொடுமை சில வீடுகளில் இருபதாம் நூற்றாண்டுவரை நீடித்தது. முடி அவள் தலையில்தான் வளர்ந்தது. அதற்கு மதிப்பு வைத்தவர்கள் வேறு யாரோ. வகிடு அகலும்போது அவளுக்குள் எழும் கலக்கத்தில் அத்தனை தலைமுறைகளின் பாரமும் இருக்கிறது.

அந்தக் கலக்கத்துக்கு மருந்தாகப் பலவற்றைக் கலந்து பூசுவதும் நமக்குப் புதிதல்ல. தலையில் தேய்க்கும் நீலிபிருங்காதித் தைலத்தில் அவுரி, கரிசலாங்கண்ணி, நெல்லி ஆகியவற்றின் சாறுகளோடு பாலும் சேரும். அடியில் தங்கும் வண்டலை விரலில் உருட்டினால் திரியாகத் திரள வேண்டும். அதைக் கொளுத்தினால் படபடக்காமல் எரிய வேண்டும். அதுதான் பதம். இப்படிக் காய்ச்சிய எண்ணெயை ஜாடியில் ஊற்றி வைத்தார்கள்.

இன்றைய கலவைகளின் நடுநாயகம் மினாக்சிடில். 1979இல் இரத்தக் கொதிப்பு மாத்திரையாக வந்து, விழுங்கியவர்களின் உடலெங்கும் முடி வளர்த்துத் தன் மறுகுணத்தைக் காட்டிய மருந்து அது. தலையில் பூசும் திரவமாக 1988இல் அமெரிக்காவில் ஆண்களுக்கு அனுமதியானது. பெண்களுக்கு 1991வரை பொறுக்க வேண்டியிருந்தது. அதன் 5 சதவீத நுரை பெண்களுக்கு 2014இல்தான் வந்தது. இப்போது அதனுடன் டிரெட்டினாயினையோ, ஸ்பைரனோலாக்டோனையோ, ஃபினாஸ்டிரைடையோ சேர்க்கிறார்கள். சேர்ப்பதில் நியாயம் உண்டு: ஒன்று முடியின் வளர்பருவத்தை நீட்டுகிறது, இன்னொன்று வேரைச் சுருக்கும் ஹார்மோனைத் தடுக்கிறது. ஆனால் பெண்களிடம் செய்யப்பட்ட ஆய்வுகள் இங்கும் பின்தங்கியே வருகின்றன. ஃபினாஸ்டிரைடு கருவிலுள்ள ஆண் குழந்தையின் பிறப்புறுப்பு வளர்ச்சியைக் கெடுக்கக்கூடியது. அதைப் பூசும் திரவமாகக் கலந்து விற்பது பற்றி 2025 ஏப்ரலில் அமெரிக்க மருந்து நிர்வாகமே எச்சரித்தது. கணவனுக்கு வாங்கிய புட்டியை மனைவியும் எடுத்துப் பூசிக்கொள்ளும் நம் வீடுகளில் இதை உரக்கச் சொல்லியாக வேண்டும்.

எண்ணெய்க் காலத்திலும் திரவக் காலத்திலும் மாறாத குறை ஒன்று உண்டு. தலையைப் பார்க்கிறோம், அவள் உடம்பைப் பார்ப்பதில்லை. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயதுவரையான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை. பிரசவம், நெடுங்காய்ச்சல், தைராய்டு கோளாறு என்று முடியைக் கொட்டவைக்கும் காரணங்கள் இன்னும் பல. எல்லோரும் உண்டு முடித்தபின் சட்டியில் மிஞ்சியதை உண்பவளுக்கு, எந்தப் புட்டியையும் திறக்கும் முன் இரும்புச்சத்துக்கும் தைராய்டுக்கும் ஓர் இரத்தப் பரிசோதனை செய்து பார்க்க வேண்டும்.