குரோமியம் படிக்க ஆளில்லையா?

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் நம் சமுதாயத்தார் பலர் தலைமுறை தலைமுறையாகத் தோல் பதனிடுகின்றனர். இன்று அத்தொழிலைத் தாங்குவது குரோமியம் உப்பு. தோலின் புரத இழைகளைப் பிணைத்து அழுகாமல் காப்பது அதுதான். தோல் ஏற்காத மிச்சமோ கழிவு நீரில் போகிறது.

பாலாற்று மாசு வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தோல் தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. 2015 மே முதல், உடலில் படும் தோல் பொருளில் ஆறு இணைதிறன் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டினாலே ஐரோப்பியச் சந்தையில் விற்க முடியாது.

வழக்காட வக்கீல் போதும்; குரோமியத்தை அடக்க?

கழிவு நீரில் மக்னீசியம் ஆக்சைடு சேர்த்தால் குரோமியம் வண்டலாகப் படியும். அதைக் கந்தக அமிலத்தில் கரைத்தால் மீண்டும் தோலுக்கே உதவும். ஆறும் பிழைக்கும், காசும் மிஞ்சும். இதுதான் கனிம வேதியியல்!

இளைஞர்களே! பி.எஸ்சி.யோடு நின்றுவிடாதீர்கள். பல்கலைக்கழகத்தில் கனிம வேதியியலை எடுத்துப் படியுங்கள். 1948 முதல் சென்னையில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே ஆய்வாளராக நுழையுங்கள்.

வணிகப் பெருமக்களே! பிள்ளைகளைக் கல்லாவில் உட்கார வைக்க அவசரப்படாதீர்கள். வசதியற்ற மாணவர் ஒருவரின் கல்விச் செலவையாவது ஏற்றுக்கொள்ளுங்கள். முதல் நம்முடையது, அறிவு அடுத்தவருடையது என்றால் தொழில் எத்தனை நாள் நம் கையில் இருக்கும்?