தமிழ் தலைவாஸ்: காயிதத்துல கப்பு, களத்துல ஆப்பு

மக்களே, இன்னிக்குக் காலைல மூலக்கொத்தளம் டீக்கடையில நடந்த வாய்த்தகராறுதான் இந்தப் பதிவுக்குக் காரணம். ஸ்கூல்ல கூடப் படிச்ச நண்பன் ஒருத்தன், பாதி டீ குடிச்சுட்டு டம்ளரை பெஞ்சு மேல வெச்சு அருள்வாக்கு சொன்னான். "மச்சி, இந்த வாட்டி ஏலத்துல ஒரே ஒரு பெரிய ரைடரைத் தூக்கிட்டாப் போதும். கப்பு நம்முது."

இதே வசனத்தை 2017லேருந்து கேட்டுக்கிட்டு இருக்கேன். அப்ப நான் காலேஜ். இப்ப வேலைக்குப் போயி முதுகுவலியே வந்தாச்சு. வசனம் மட்டும் மாறலை. கப்பும் வரலை.

சீசன் முடிஞ்சதுலேருந்து அடுத்த ஏலம் வரைக்கும் ஒரு காலி காலம் இருக்கு பாருங்க, அதுலதான் நம்மாளுங்க எல்லாரும் கோச் ஆயிடுறாங்க. கணக்கு இப்படிப் போகும்: இவரு போன வருஷம் 220 பாயிண்ட், அவரு 180, ஆக மொத்தம் 400, ஆக நாமதான் சாம்பியன். எக்ஸெல்ல கூட்டல் போடத் தெரிஞ்சவன் எல்லாம் கபடி நிபுணன். (எனக்கும் எக்ஸெல் தெரியும். அதனாலதான் வயிறு எரியுது.)

கூட்டல் ஏன் தப்புன்னு முதல்ல சொல்லிடறேன். ஆட்டம் 40 நிமிஷம். ஒரு ரைடு 30 செகண்ட். ரெண்டு டீமும் மாத்தி மாத்திப் போகணும். அப்ப ஒரு டீமுக்கு கிடைக்கிறது சுமார் 40 ரைடு, அவ்ளோதான். ரெண்டு பெரிய ரைடரைச் சேர்த்து வாங்கினா 40 ரைடு 80 ஆகிடாது. ஒருத்தர் போற ரைடு இன்னொருத்தர் போகாத ரைடு. போன வருஷம் வேற வேற டீம்ல தனிக்காட்டு ராஜாவா ஆடி எடுத்த பாயிண்டை எல்லாம் ஒரே டீம்ல கூட்டுறது, ஒரே பாத்ரூம் இருக்குற வீட்ல பத்து பேர் குளிக்கிற நேரத்தைக் கூட்டுற மாதிரி.

இன்னொண்ணு இருக்கு, இதை யாரும் பேசவே மாட்டேங்குறாங்க. ரைடர் பிடிபட்டா வெளிய போய் உக்காரணும். தானா எந்திரிச்சு உள்ள வர முடியாது. டீம்ல வேற யாராவது பாயிண்ட் எடுத்து அவரை உசுப்பி உள்ள கொண்டாரணும். எதிராளி ரைடரை நம்ம கார்னரும் கவரும் அமுக்கினாத்தான் நம்ம ரெண்டு கோடி ரூபா ஆளு மறுபடி மேட்ல கால் வைப்பாரு. டிஃபென்ஸ் சொத்தையா இருந்தா அந்த ரெண்டு கோடி பெஞ்சுல உக்காந்து தண்ணி குடிக்கும்.

இப்ப தலைவாஸ் ஜாதகத்தைப் பாப்போம்.

2017ல புரோ கபடியோட அஞ்சாவது சீசன்ல டீம் உள்ள வந்துச்சு. சச்சின் டெண்டுல்கர் பங்கு முதலாளி, அஜய் தாக்கூர் கேப்டன். சோன் பட்டியல்ல கடைசி. 2018ல மஞ்சீத் சில்லர், ஜஸ்வீர் சிங், சுகேஷ் ஹெக்டேன்னு அனுபவஸ்தங்க வந்தாங்க. அஜய் தாக்கூர் 200க்கு மேல ரைடு பாயிண்ட் எடுத்தாரு. மறுபடி சோன்ல கடைசி.

2019தான் உச்சம். அஜய் தாக்கூர், மஞ்சீத் சில்லர் இருக்காங்க. கூடவே ராகுல் சௌத்ரி, மோஹித் சில்லர், ரண் சிங். அந்த லிஸ்டைப் பாத்துட்டு நானே ரெண்டு பேர்கிட்ட பந்தயம் கட்டினேன், மறைக்கலை. காயிதத்துல அப்படி ஒரு டீம். 22 ஆட்டத்துல 4 வெற்றி. 12 டீம்ல 12ஆவது இடம். 13ஆவது இடம்னு ஒண்ணு இல்லாததால தப்பிச்சோம்.

2021-22ல பதினொண்ணாவது இடம். ஆனா அந்த சீசன்ல ஒரு நல்ல விஷயம் சத்தமில்லாம நடந்துச்சு. சாகர் ராத்தின்னு ஒரு சின்னப் பையன் கார்னர்ல நின்னு ஆள் ஆளா அமுக்கிக்கிட்டு இருந்தான். யாரும் கண்டுக்கலை. ஏன்னா அவன் தொடையைத் தட்டிக்கிட்டுப் பாடப் போற ஆள் இல்லையே!

2022 ஆகஸ்ட் ஏலம். ஒரு டீமுக்கு மொத்த பர்சே 4.4 கோடி. அதுல 2.26 கோடியைப் போட்டு பவன் செஹ்ராவத்தைத் தூக்கினாங்க. பாதிக்கு மேல ஒரே ஆளுக்கு. அன்னிக்கு ஏரியாவுல பட்டாசு வெடிக்காததுதான் குறை. அக்டோபர்ல முதல் ஆட்டம், குஜராத்தோட. பத்து நிமிஷம் தாண்டலை, முட்டியில அடிபட்டு பவன் வெளிய போனாரு. அந்த சீசன் முழுக்க வரலை. முடிஞ்சது கதைன்னு எல்லாரும் வேற சானல் மாத்திட்டாங்க.

நடந்தது என்ன? நடுவுல அஷன் குமார் கோச்சா வந்தாரு. சாகர், சாஹில் குலியா, தமிழ்நாட்டு எம். அபிஷேக்னு டிஃபென்ஸ் ஒண்ணா இறுகுச்சு. நரேந்தர்னு யாருக்கும் பேர் தெரியாத பையன் முதல் சீசன்லயே 240 ரைடு பாயிண்ட் தாண்டினான். அஜிங்க்யா பவார் கூட நின்னாரு. எலிமினேட்டர்ல உ.பி. யோத்தாஸ் கூட 36-36 டை, டைபிரேக்கர்ல 6-4. செமிஃபைனல்ல புனேகிட்ட 37-39, ரெண்டே ரெண்டு பாயிண்ட்ல போச்சு.

நல்லா கவனிங்க. 2017லேருந்து 2025 வரைக்கும் தலைவாஸ் செமிஃபைனலுக்குப் போனது அந்த ஒரே ஒரு தடவைதான். அதுவும் ரெண்டேகால் கோடி ஆளு இல்லாம ஆடினப்ப! இதுக்கு மேல என்னத்த சாட்சி வேணும்?

ஏலம் எடுத்தவங்களுக்கும் சரி, டீக்கடை நிபுணர்களுக்கும் சரி, இதுலேருந்து பாடம் ஏறுச்சான்னா இல்லை. அடுத்த சீசன்ல ஒன்பதாவது இடம். 2024 ஏலத்துல சச்சின் தன்வரை 2.15 கோடிக்கு எடுத்தாங்க, அந்த ஏலத்துலயே அதிக விலை. சுத்திச் சுத்தி மறுபடி ஒன்பதாவது. 2025ல அர்ஜுன் தேஷ்வாலுக்கு 1.405 கோடி, கூடவே பவன் மறுபடி வந்தாரு, இந்த தடவை 59.5 லட்சம். முதல் ஆட்டத்துல தெலுங்கு டைட்டன்ஸை ஜெயிச்சாங்க. செப்டம்பர்ல ஒழுங்கு நடவடிக்கைன்னு சொல்லி கேப்டன் பவனையே வீட்டுக்கு அனுப்பினாங்க. அவரு அதை மறுத்தாரு. யார் சொல்றது சரின்னு நான் பஞ்சாயத்து பண்ண வரலை. சீசன் பாதியில கேப்டன் இல்லாத டீம் எப்படி ஆடும்னு மட்டும் யோசிங்க. முதல் எட்டுல கூட வரலை.

"அது தலைவாஸோட ராசி மச்சி"ன்னான் நண்பன். ராசியும் இல்லை ஒண்ணும் இல்லை. வெளிய பாருங்க. பர்தீப் நர்வால் 2019ல பாட்னாவுக்கு 300 ரைடு பாயிண்டுக்கு மேல எடுத்தாரு. பாட்னா எட்டாவது இடம். அடுத்த ஏலத்துல அவரு 1.65 கோடிக்கு உ.பி.க்குப் போயிட்டாரு. பர்தீப் இல்லாத பாட்னா 2021-22ல என்ன ஆச்சு? லீக் பட்டியல்ல முதல் இடம், ஃபைனல்ல டெல்லிகிட்ட ஒரே பாயிண்ட்ல தோல்வி. அவங்களைத் தூக்கி நிறுத்தினது ஈரான்லேருந்து வந்த முகமதுரேசா ஷாட்லூங்குற கார்னர். பவனை 2023 ஏலத்துல 2.605 கோடிக்கு வாங்கின தெலுங்கு டைட்டன்ஸ் அந்த சீசன்ல கடைசி இடம்.

கபடி மட்டும் இல்லை. நான் காலைல எந்திரிச்சு என்பிஏ பாக்குற ஜென்மம், அங்கயும் இதே கூத்துதான். 2012 கோடையில லேக்கர்ஸ் ஸ்டீவ் நாஷையும் ட்வைட் ஹோவர்டையும் எடுத்தப்போ, கோபி பிரையன்ட்டோட சேர்ந்து ஃபைனல் நிச்சயம்னு எழுதாத பத்திரிகை இல்லை. முதல் ரவுண்ட்ல நாலுக்கு ஜீரோ. 2021ல லெப்ரான் கூட வெஸ்ட்புரூக். 33 வெற்றி, 49 தோல்வி, ப்ளேஆஃபே இல்லை. 2023ல ஃபீனிக்ஸ் சன்ஸ், டுராண்ட், புக்கர், பீல்னு மூணு பேரை வெச்சு முதல் ரவுண்ட்ல நாலுக்கு ஜீரோ, அதுக்கு அடுத்த வருஷம் ப்ளேஆஃப் பக்கமே போகலை. 2025ல கப்பு வாங்கினது யாரு? சின்னப் பசங்களை வருஷக்கணக்கா சேர்த்து வெச்சு, பந்து தொடவே விடாம டிஃபென்ஸ் ஆடின ஒக்லஹோமா. ஆர்க்கிடெக்ட் பத்து பேர் இருக்கான், டெஸ்டர் ஒருத்தன் இல்லைன்னா ரிலீஸ் அன்னிக்கு என்ன நடக்கும்னு எங்க தொழில்ல எல்லாருக்கும் தெரியும். ஸ்போர்ட்ஸ் பேசும்போது மட்டும் மறந்துடுறாங்க.

சரி, எதிர்க்கட்சி வாதத்தையும் கேப்போம். "பவன் பெங்களூருக்கு கப்பு வாங்கித் தரலையா?" தந்தாரு. 2019 ஜனவரி ஃபைனல்ல தனியாளா 22 பாயிண்ட். அர்ஜுன் தேஷ்வாலும் ஜெய்ப்பூருக்கு 2022ல வாங்கித் தந்தாரு. ஒத்துக்கறேன். ஆனா ஜெய்ப்பூர்ல அவருக்குப் பின்னாடி சுனில் குமார், சாஹுல், அங்குஷ், ரேசா மிர்பகேரின்னு ஒரு சுவரே நின்னுச்சு. காசு கொட்டினா கப்பு வராதுன்னு நான் சொல்லலை. ஷாட்லூவை 2.35 கோடிக்கு வாங்கின புனே சாம்பியன். அடுத்த சீசன்ல 2.07 கோடிக்கு வாங்கின ஹரியானா சாம்பியன். அங்க காசு போனது பிடிக்கிற ஆளுக்கு. அவ்ளோதான் வித்தியாசம்.

இன்னொரு கோஷ்டி இருக்கு. "தமிழ் ஆளுங்களைப் போடாததாலதான் தோக்குறோம்"னு. கேக்க நல்லாத்தான் இருக்கு. ராஜரத்தினம், மணத்தி கணேசன்னு ஆசிய விளையாட்டுல தங்கம் வாங்கினவங்களைக் குடுத்த மண்ணு இது. 2025 அக்டோபர்ல பஹ்ரைன்ல நடந்த ஆசிய இளையோர் போட்டியில கண்ணகி நகர் கார்த்திகாவும் வடுவூர் அபினேஷும் தங்கத்தோட வந்தாங்க. ஆள் இல்லைன்னு யாரும் சொல்ல முடியாது. ஆனா முதல் ரெண்டு சீசன் கோச் நம்ம கே. பாஸ்கரன், 2014ல ஜெய்ப்பூருக்கு முதல் கப்பு வாங்கித் தந்தவரு. அவரையே கடைசி இடத்துல உக்கார வெச்ச டீம் இது. ஊரை மாத்தினா சரியாகுற வியாதி இல்லை. ஒரு கூட்டத்தை ரெண்டு மூணு வருஷம் கலைக்காம வெச்சிருக்குற பொறுமை இல்லாததுதான் வியாதி. அந்தப் பொறுமை இருந்தா நம்ம ஊர் பசங்களை 18 வயசுல எடுத்து வளர்க்கலாம். வருஷா வருஷம் சந்தைக்குப் போறவனுக்கு நாத்து நட நேரம் எங்க இருக்கு?

இவ்ளோ கோவம் ஏன்னு கேப்பீங்க. சொல்றேன்.

எங்க ஏரியா பக்கம் ரெண்டு வருஷம் முன்ன பொங்கலுக்கு ஒரு டோர்னமென்ட். எங்க தெரு டீமோட பலமே ரெண்டு கார்னர்தான். அண்ணன் தம்பி. பன்னெண்டு பதிமூணு வயசுலேருந்து ஹவுசிங் போர்டு பிளாக்குக்கு நடுவுல மண்ணுல ஒண்ணா ஆடினவங்க. ஒருத்தன் கணுக்காலைப் பிடிச்சா இன்னொருத்தன் எங்க இருப்பான்னு கண்ணை மூடிட்டுச் சொல்லலாம். பேசிக்கவே மாட்டாங்க. ஃபைனலுக்குப் போனதும் பெருசுங்களுக்கு ஆசை வந்துடுச்சு. வெளியூர்லேருந்து ஒரு ரைடரை அஞ்சாயிரம் குடுத்து எறக்கினாங்க. அவனுக்கு இடம் வேணுமே? தம்பியை உக்கார வெச்சாங்க.

வந்தவன் நல்ல ஆட்டக்காரன்தான், குறை சொல்ல மாட்டேன். முதல் நாலு ரைடுல ஆறு பாயிண்ட். விசில் பறக்குது. அஞ்சாவது ரைடுல தொடையைப் பிடிச்சு அமுக்கிட்டாங்க. வெளிய போய் உக்காந்தான். உக்காந்தவன் உக்காந்தவன்தான். இங்க அண்ணன் காலைப் பிடிக்கிறான், பக்கத்துல வந்து மூட வேண்டிய ஆள் இல்லை, ரைடர் இழுத்துக்கிட்டு கோட்டைத் தொட்டுடறான். ஒரு தடவை இல்லை, மூணு தடவை. ரெண்டு ஆல் அவுட். தம்பி சைடுல உக்காந்து புல்லைப் பிச்சுக்கிட்டு இருந்தான்.

அந்தத் தம்பி இப்ப டெலிவரி பைக் ஓட்டுறான். விளையாட்டை விட்டுட்டியான்னு கேட்டேன். "கார்னரை யாருண்ணா பாக்குறாங்க? போன்ல வீடியோ எடுக்குறவன் கூட ரைடு முடிஞ்சதும் கேமராவை ஆஃப் பண்ணிடறான்"னு சிரிச்சான். அவன் சொன்னது நெஜம். இப்ப சாயங்காலம் போய்ப் பாருங்க, விளையாடுற பத்துப் பசங்கள்ல ஒன்பது பேர் ரைடர்தான் ஆவேங்கிறான். பிடிக்க ஆள் இல்லாம, யார் கார்னர்ல நிக்கிறதுன்னு சீட்டு குலுக்கிப் போடுறானுங்க. டிவியில ஏலம் பாத்து வளர்ற பசங்க வேற என்ன ஆவாங்க?

நேரு ஸ்டேடியம் எங்களுக்கு ஒண்ணும் தூரம் இல்லை. வால்டாக்ஸ் ரோடு பிடிச்சு சென்ட்ரலைத் தாண்டினா வந்துடும். காசு போட்டு டிக்கெட் எடுத்து, மஞ்சள் ஜெர்சி மாட்டிக்கிட்டு, தொண்டை கிழியக் கத்திட்டு, ராத்திரி பத்தரைக்கு வாயை மூடிக்கிட்டு நடந்து திரும்புற கூட்டத்துல நானும் ஒருத்தன். அந்த உரிமையில சொல்றேன். அடுத்த ஏலத்தன்னிக்கு எத்தனை கோடின்னு எனக்கு போன் போடாதீங்க. போன வருஷம் ஆடின ரெண்டு கார்னர், ரெண்டு கவர்ல எத்தனை பேர் மிச்சம் இருக்கான், கோச் அதே ஆளா, இந்த ரெண்டை மட்டும் சொல்லுங்க. நாலுல மூணு பேரும் கோச்சும் இருந்தா, ரைடர் யாரா இருந்தாலும் சரி, நானே டிக்கெட் எடுத்துத் தர்றேன்.

பி.கு: நண்பன் ஒத்துக்கலை. பெரிய ரைடர் வந்தா முதல் நாலு இடம்னு அவன். டிஃபென்ஸ் கலைஞ்சா எட்டுக்குக் கீழன்னு நான். பந்தயம், தோத்தவன் ஜெயிச்சவனுக்கு பர்மா பஜார் பக்கம் அத்தோ வாங்கித் தரணும், முட்டையோட. டீக்கடை அண்ணன் சாட்சி. 2019 பந்தயத்துல நான் குடுக்க வேண்டிய பாக்கியையும் அவரு ஞாபகம் வெச்சிருக்காருங்கறதுதான் பேஜாரு.